தும்மினால் திறக்கும் பூட்டு

அரசாங்கம் என்ற ஒன்று இல்லாமலேயே ஒரு மனிதன் முழுதாக வாழ்ந்துவிட முடியும் என்பதற்கு, உலகத்தில் உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி தான்தான் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல், கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லவும் செய்தார். கடை, உரிமைகள் மற்றும் உரிமங்கள் ஆணையத்தின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது.

"நான் பொறந்ததுலேருந்து அரசாங்கத்துக்கிட்ட ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கேனா? ஒண்ணே ஒண்ணு? கிடையாது. எவன் கால்லயும் விழாம, சந்தையை நம்பி, சொந்த உழைப்புல நிக்கிறவன் நான்" என்பார். சொல்லிக்கொண்டே, எதிரே நிற்பவருடைய மனுவை மூன்று பிரதி எடுப்பார்.

காலை ஒன்பதரைக்கே ஆணையத்தின் வாசலில் வரிசை நிற்கும். அந்த வரிசைக்கும் அவருக்கும் தினமும் நடக்கும் உரையாடல் ஒருதலையானது.

"வாங்க, வாங்க! மூச்சு விட அனுமதி வாங்க வந்தீங்களா? உள்ள இழுக்கிறதுக்குப் படிவம் ஏழு-அ. வெளிய விடறதுக்கு ஏழு-ஆ. ரெண்டும் நம்மகிட்ட இருக்கு. இழுத்துட்டு விடாம நிக்காதீங்க, அதுக்குத் தனிப் படிவம்."

வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பிறகு ஏழு-அவும் ஏழு-ஆவும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவருடைய தங்கையின் கணவர் சாவிக்காரர். இரண்டு தெரு தள்ளி, ஐந்துக்கு நாலடியில் ஒரு கடை. உள்ளே ஓர் ஆள் நிற்கலாம், அல்லது திரும்பலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. மூன்று பக்கச் சுவரிலும் வெட்டாத சாவிகள் தொங்கும். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் முகத்தில் ஒரு குற்ற உணர்வு இருக்கும் என்பதால், சாவிக்காரர் யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு அரசியல் என்று எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிப்பதோடு அவருக்கும் நாட்டுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும்.

இந்த முறை புதுப்பிக்கப் போன நாளில் ஆணையம் மூடியிருந்தது. "எளிதாகத் தொழில் நடத்தும் வாரம்" கொண்டாடுவதற்காக ஒரு வாரம் விடுமுறை என்று கதவில் பலகை தொங்கியது. வாரம் முடிந்து ஆணையம் திறந்த அன்று அவர் லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று மாலையே ஆய்வாளர் ஒருவர் வந்து கடையை இழுத்து மூடி, அரசாங்கப் பூட்டு ஒன்றைப் போட்டு, அரக்கு வைத்துவிட்டுப் போனார். கதவில் ஒட்டிய தாளில், முப்பது நாளுக்குள் முறைப்படுத்தாவிட்டால் இடம் வரிசையில் அடுத்திருப்பவருக்கு வழங்கப்படும் என்று இருந்தது. வரிசையில் அடுத்திருந்தவர் கைபேசி உறை விற்பவர். அவர் மறுநாள் காலையிலேயே அளவு நாடாவோடு வந்துவிட்டார்.

சாவிக்காரர் குனிந்து பூட்டைப் பார்த்தார். தொழில்முறை வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"இதெல்லாம் ஒரு பூட்டா? இருக்கிறதுலயே மட்டமானதைத் தேடிப்பிடிச்சு வாங்கியிருக்காங்க. தும்மினாலே திறந்துக்கும்."

"அப்ப தும்முங்க" என்றாள் மனைவி.

"அது சட்டப்படி தப்பு."

"தும்முறதா?"

"உரிமம் இல்லாம அரசாங்கப் பூட்டைத் திறந்தா ஆறு மாசம் உள்ள போடுவாங்க. ஆணையத்துல பலகையே மாட்டியிருக்கான்."

"நல்லா இருக்கு கதை. ஊர்ல உள்ள பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷன், சொந்தக் கடைப் பூட்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு. போய் அண்ணன்கிட்ட ஒரு மனு அடிச்சு வாங்குங்க."

கதையின் எல்லாத் துன்பமும் இந்த யோசனையில்தான் தொடங்கியது.

"மச்சான், லைசென்ஸ் புதுப்பிக்கணும். ஒரு மனு அடிச்சுக் கொடுங்க" என்றார் சாவிக்காரர்.

ஜெராக்ஸ் கடைக்காரர் கணினி முன்னால் உட்கார்ந்தார். அவர் சும்மா தட்டச்சு செய்கிறவர் அல்ல. தட்டச்சு செய்துகொண்டே பேசுகிறவர். "மாப்பிள்ளை, நீ எதுக்குய்யா அவன்கிட்ட போய்க் கேக்கணும்? உன் கடை. உன் கை. உன் சாவி. தொழில் பண்றது மனுஷனோட உரிமை! அந்த உரிமையை எவனும் உனக்குக் கொடுக்கவும் வேணாம், பிடுங்கவும் வேணாம். உரிமைங்கிறது..." என்று பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய விரல்கள் வாயின் பின்னாலேயே போய்விட்டன. "கடை நடத்த உரிமம் வழங்குமாறு" என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் "கடை நடத்த உரிமை வழங்குமாறு" என்று வந்தது.

லைசென்ஸை லைசென்ஸ் என்றே சொல்லிப் பழகியவர் சாவிக்காரர். காகிதத்துத் தமிழ் எப்போதுமே இப்படித்தான் ஏதாவது இருக்கும் என்று கையெழுத்துப் போட்டார்.

ஆணையத்தின் கட்டடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முதல் மாடியில் படியேறி நின்றால் இடது பக்கம் உரிமைப் பிரிவு. வலது பக்கம் உரிமப் பிரிவு. மக்களுக்கு என்னென்ன உண்டு என்று சொல்வது இடது பக்கத்தின் வேலை. அதையெல்லாம் செய்ய யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்வது வலது பக்கத்தின் வேலை. இரண்டு பக்கத்துக்கும் ஓர் இயக்குநர். இடது இயக்குநர் ஓர் அம்மையார். எந்த நாற்காலியிலும் சாய்ந்து உட்காராதவர். வலது இயக்குநர் வயதானவர்; சுவரில் முன்னாள் இயக்குநர்கள் எட்டுப் பேரின் படத்தை வரிசையாக மாட்டி, ஒன்பதாவதுக்கு ஆணி அடித்து வைத்திருந்தார். இருவரும் ஏழு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. கொள்கை வேறுபாடு. இரண்டாவது மாடியிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு இடதும் வலதும் மாறிப்போவதாகப் புகார் வந்து, அதற்கு ஒரு குழு அமைத்தார்கள். இரண்டாவது மாடிக்கு யாரும் போகக் கூடாது என்று குழு தீர்ப்புச் சொன்னது.

படியருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அலுவலக உதவியாளர் மனுவை வாங்கிப் பார்த்தார். ஓய்வு பெற நாலு மாதம் இருந்ததால் எதற்கும் அதிராத முகம். இந்த முறை அதிர்ந்தது.

"உரிமையா?" என்றார். "யோவ், நல்லா யோசிச்சுத்தான் கேக்கறியா?"

"ஆமாங்க. புதுப்பிக்கணும்."

"உரிமையைப் புதுப்பிக்கணுமா! இரு, இரு, இப்படியே நில்லு, நகராதே." அவர் இடது பக்கம் ஓடினார்.

உரிமைப் பிரிவு தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. உரிமையைப் பற்றி நாற்பத்தாறு கருத்தரங்கு நடத்தியிருக்கிறார்கள். உரிமை கேட்டு ஓர் ஆள் நேரில் வந்தது இதுதான் முதல் தடவை. சாவிக்காரரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் சோகமாகப் பாருங்கள் என்றார்கள். அவருக்கு அதற்குச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

இடது இயக்குநர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க குரலைக் கேக்கத்தான் நாங்க இருக்கோம். பேசுங்க."

"மேடம், என் கடை..."

"ஒரு நிமிஷம். உங்க வலி எனக்குப் புரியுது. இந்த அமைப்பு உங்களைப் பேச விடாது. பெரிய பெரிய முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து உங்க மாதிரி எளிய மனுஷங்களை நசுக்குறாங்க."

"முதலாளி யாரும் வரல மேடம். ஆய்வாளர்தான் வந்தாரு. இங்க எதிர்ப் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காரு."

"நீங்க இன்னும் அமைப்பை முழுசாப் புரிஞ்சுக்கல" என்றார் இயக்குநர் கனிவோடு. "பரவாயில்ல. ஒவ்வொரு தனிமனுஷனும் தனக்கு எது நல்லதுன்னு தானே முடிவு பண்ணணும். அதுதான் எங்க கொள்கை. உங்களுக்கு எது நல்லதுன்னு நாங்க ஏற்கெனவே முடிவு பண்ணி, புத்தகமாவே போட்டிருக்கோம். போகும்போது ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

"கடையைத் திறக்கலாங்களா மேடம்?"

"தாராளமா! அந்த உரிமை உங்களுக்குப் பிறப்புலயே இருக்கு. அதை நாங்க கொடுக்க முடியாது. உங்ககிட்ட இருக்கிறதை உங்களுக்கே எப்படிக் கொடுக்கிறது?"

"பூட்டு?"

"அது எதிர்ப் பக்கத்தோடது. அவங்க பூட்டுல நாங்க கை வைக்க மாட்டோம். பூட்டுறதுக்கு அவங்களுக்கும் ஒரு உரிமை இருக்கில்லையா?"

இதற்கிடையில் சாவிக்காரரை என்ன சொல்லி அழைப்பது என்று ஒரு சிக்கல் எழுந்தது. "கடை பூட்டப்பட்டவர்" என்பது அவரைக் கடையோடு சுருக்கிவிடுகிறது என்றார் ஒரு துணை இயக்குநர். "பாதிக்கப்பட்டவர்" என்றால் பரிதாபம் தொனிக்கிறது என்றார் இன்னொருவர். ஒன்பது நாள் விவாதித்து, "பூட்டின் மறுபுறத்தவர்" என்று முடிவு செய்தார்கள். அந்த ஒன்பது நாளும் பூட்டின் மறுபுறத்தவர் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்தாவது நாள் அவருக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. இன்னார் தம் கடையைத் திறக்க முழு உரிமை உடையவர் என்று தங்க எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

அதைக் கொண்டுபோய்ப் பூட்டிய கதவின் முன்னால் நின்று பிடித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே அலமாரியின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று கைபேசி உறைக்காரர் கேட்டார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் கிடையாது. சும்மா ஒரு திட்டமிடலுக்குத்தான்."

"ரெண்டரையடி" என்றார் சாவிக்காரர். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

பதினான்காவது நாள் வலது பக்கம் போனார்.

வலது இயக்குநர் மனுவை விரல் நுனியால் பிடித்துத் தூக்கினார். "உரிமை!" என்றார். ஈரத் துணியைக் கொடியில் போடுவது போல அதை மேசையில் போட்டார். "இதான்யா இந்தக் காலத்து வியாதி. எல்லாருக்கும் உரிமை வேணும். கடமையைக் கேட்டு ஒருத்தன் வர்றானா?"

"சார், எனக்கு லைசென்ஸ்தான் வேணும். மச்சான் அடிச்சதுல ஒரு எழுத்து மாறிப்போச்சு."

"எழுத்து மாறினா எல்லாம் மாறும். உட்காருங்க. நான் சொல்றதை மனசுல வாங்கிக்கணும். அரசாங்கம் மக்கள் வாழ்க்கையில தலையிடவே கூடாது. முப்பத்தோரு வருஷமா இதே அரசாங்க நாற்காலியில உட்கார்ந்து இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். என் கையில அதிகாரம் இருந்தா இந்தக் கட்டடத்தையே இடிச்சிடுவேன்."

"உங்க கையிலதானே சார் இருக்கு?"

"அதனாலதான் பொறுப்பா நடந்துக்கிறேன்" என்றார் வலது இயக்குநர். "கடை பூட்டிட்டாங்கன்னு அழறீங்க. திறமைசாலி அழ மாட்டான். அந்தப் பூட்டை ஒரு வாய்ப்பாப் பார்ப்பான்."

"பூட்டை நீங்கதானே சார் போட்டீங்க?"

"பின்ன? வாய்ப்பை உருவாக்குறதுதான் எங்க வேலை. போட்டி இருக்கணும். சந்தை தானாகவே முடிவு பண்ணட்டும். சந்தை எத்தனை மணிக்குத் திறக்கணும், பலகையில என்ன எழுதணும், யார் எந்தத் தொழில் செய்யணும், இது மாதிரி சின்னச் சின்ன விஷயத்தை மட்டும் நான் பார்த்துக்கிறேன். அது சரி, உங்க அப்பா என்ன தொழில்?"

"கப்பல்ல சமையல்காரர் சார்."

"பாருங்க! மரபை உடைச்சிருக்கீங்க. அப்பா சமைச்சாரு, பையன் சாவி வெட்டுறான். சமூகம் எங்க போயிட்டிருக்கு?" அவர் வருத்தத்தோடு எட்டுப் படங்களையும் பார்த்தார். எட்டுப் பேரும் ஆமோதிப்பது போல் இருந்தது. "இன்னொண்ணு. தனியார் சொத்து புனிதமானது. அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறக்கிறதையே தொழிலா வச்சிருக்கீங்களே, உங்களுக்கு உறுத்தலையா?"

"அடுத்தவன்தான் சார் வந்து கூப்பிடுறான். வீட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு."

இந்தப் பதில் திமிராகக் கருதப்பட்டு குறிப்பில் ஏறியது.

உரிமை என்ற சொல்லை உரிமம் என்று மாற்ற ஒரு வழி இருந்தது. சொல் திருத்தப் படிவம், பதினெட்டு-இ. ஆனால் திருத்தப்படும் சொல் எந்தப் பிரிவுடையதோ அந்தப் பிரிவு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமை, இடது பக்கத்தின் சொல்.

சாவிக்காரர் தாழ்வாரத்தைக் கடந்து மறுபடி இடது பக்கம் போனார். அங்கே அவரைக் கண்டதும் மகிழ்ச்சியாக எழுந்தார்கள். அவர் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்திருந்தது.

"மாத்தணுமா?" இடது இயக்குநரின் குரல் உடைந்தது. "உரிமையை எடுத்துட்டு உரிமம்னு போடணுமா? உங்களை யாராவது மிரட்டினாங்களா? சொல்லுங்க, பயப்படாதீங்க."

"இல்ல மேடம், அது எழுத்துப் பிழை."

"எங்களைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு போராட்டம். இதோ பாருங்க, தன் உரிமையை விட்டுக்கொடுக்க எந்த மனுஷனுக்கும் உரிமை கிடையாது. நீங்களே கேட்டாலும் உங்ககிட்டேருந்து உங்களை நாங்க காப்பாத்துவோம்."

"மேடம், இன்னும் பன்னெண்டு நாள்ல கடை போயிடும். எனக்கு வேற தொழில் தெரியாது."

"கடை போகலாம். உரிமை போகாது" என்றார் இயக்குநர். அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று ஜெராக்ஸ் கடைக்கு வந்து சாவிக்காரர் ஏழு-ஆ ஒன்று கேட்டபோது மச்சான் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "என்னய்யா மாப்பிள்ளை, தேஞ்சு போயிட்டே? ஒரு கையெழுத்துக்கு இப்படித் தொங்குறியே! மனு எழுதுற கை, கை இல்லய்யா. அது கெஞ்சுற கை. என்னைப் பாரு, ஒருத்தன்கிட்ட ஒரு காகிதம் நீட்டியிருக்கேனா?"

"நீங்க அடிச்சதுலதான் மச்சான் எழுத்து மாறிப்போச்சு."

"கொள்கைப்படி சரியாத்தான் அடிச்சிருக்கேன். சட்டம்தான் தப்பு. இந்தா ஏழு-ஆ. மூணு பிரதியா, நாலா?"

விவகாரம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனதில் கோப்பு சாவிக்காரரின் கடை அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. ஒரு மனிதன் தன் கடையைத் தானே திறப்பது அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதா, தனிமனிதனின் உரிமைக்கு உட்பட்டதா என்று முடிவு செய்ய, ஏழு வருடத்தில் முதன்முறையாகக் கூட்டுக்கூட்டம் கூடியது. அன்று இருபத்தெட்டாவது நாள். "வெளிப்படைத்தன்மையோடு நடத்துவது" என்று இருவரும் ஒப்புக்கொண்டதால், வெளியாட்கள் யாரும் கேட்டுவிடாதபடி கூட்ட அறையின் கதவைச் சாத்தினார்கள். உள்ளே இரண்டு இயக்குநர்கள். ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியில், சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு, சாவிக்காரர்.

முதலில் வலது இயக்குநர் ஐம்பது நிமிடம் தன்னடக்கத்தைப் பற்றிப் பேசினார். நடுநடுவே நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு இடது இயக்குநர் பகிர்ந்து வாழ்வதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிளாஸ்கில் இருந்த தேநீர் முழுவதும் அவருக்கே சரியாக இருந்தது.

"இடைவேளை விடலாமே" என்றார் வலது இயக்குநர், கால் மேல் போட்டிருந்த காலை எடுத்து மறுகால் மேல் போட்டு.

அந்த ஒரு தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. எழுந்துபோய்க் கதவை இழுத்தார். கைப்பிடி கையோடு வந்தது. கதவு வரவில்லை.

மூவரும் கைப்பிடியைப் பார்த்தார்கள்.

"யாருய்யா வெளிய?" என்று வலது இயக்குநர் கதவைத் தட்டினார்.

"நான்தான் சார்" என்றது அலுவலக உதவியாளரின் குரல்.

"கதவு மாட்டிக்கிச்சு! பூட்டுக்காரன் யாரையாவது உடனே கூப்பிடு!"

வெளியே உதவியாளர் தொண்டையைச் செருமினார்.

"அவரு உள்ளதான் சார் இருக்காரு."

இரண்டு இயக்குநர்களும் திரும்பினார்கள். இருபத்தெட்டு நாளில் அவர்கள் சாவிக்காரரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று சொல்லலாம்.

சாவிக்காரர் எழுந்துபோய் மண்டியிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தார். "நம்ம கடைப் பூட்டோட அண்ணன்" என்றார். "நாப்பது செகண்டு."

"திறங்க, திறங்க!"

"முடியாதுங்களே."

"ஏன்?"

"உரிமம் இல்லாம அரசாங்கப் பூட்டைத் தொட்டா ஆறு மாசம்." அவர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். கீழே வலது இயக்குநரின் கையெழுத்து இருந்தது.

அதில் கேலி எதுவும் இல்லை. நான்கு வாரமாக அவருக்குச் சொல்லித் தந்ததை அவர் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

"நடமாடுறது என் அடிப்படை உரிமை!" என்றார் இடது இயக்குநர் கதவைப் பார்த்து.

"உங்களுக்கு அது பிறப்புலயே இருக்கு மேடம்" என்றார் சாவிக்காரர் ஆறுதலாக. "கதவுதான் ஒத்துக்க மாட்டேங்குது."

"படிவம் கொண்டு வா!" என்று கத்தினார் வலது இயக்குநர். "ஏழு-அ! இப்பவே உரிமம் கொடுத்துடறேன்!"

எதிர்க்கடையில் வாங்கிய ஏழு-அ கதவின் அடியில் நுழைந்து வந்தது. வலது இயக்குநர் அதைச் சுவரில் வைத்தே நிரப்பினார். பாதியில் பேனா நின்றது. பதினான்காவது பத்தியில், தொழில் நடக்கும் இடத்தை ஆய்வாளர் நேரில் வந்து பார்வையிட்டுக் கையெழுத்திட்ட பிறகே உரிமம் வழங்கப்படும் என்று இருந்தது.

"ஆய்வாளர் வெளிய இருக்காரா?"

"இருக்காரு சார். உள்ள எப்படி வர்றதுன்னு கேக்கறாரு."

வலது இயக்குநர் பத்தியை மறுபடி படித்தார். அதை எழுதியவர் அவர் அறைச் சுவரில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரல்ல; அவரேதான். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"இந்த ஒருத்தருக்கு மட்டும் படிவம் வேண்டாம்னு ஒரு ஆணை போட்டுடலாம்" என்றார் இடது இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒருத்தனுக்கு மட்டும் அரசாங்கம் சலுகை கொடுக்கிறதா? என் பிணத்து மேலதான் நடக்கும்."

"அப்படிப் பார்த்தா, ஒருத்தருக்கு மட்டும்னா அது சமத்துவத்துக்கும் விரோதம்தான்" என்று இடது இயக்குநர் ஒப்புக்கொண்டார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொள்கையில் தளர அவர்களால் முடியாது. வேறு எதிலும் தாக்குப்பிடிக்கவும் முடியாது. சலுகையே கூடாது என்று அவரும், சமத்துவம் வேண்டும் என்று இவரும் பிடிவாதமாக நின்றதில், மிஞ்சியது ஒரே வழிதான். ஏழு-அவின் பின்பக்கத்தில் ஆணை எழுதினார்கள்: இன்று முதல் இவ்வாணையத்தின் எந்தச் சேவைக்கும், எவருக்கும், எந்தப் படிவமும் தேவையில்லை, குடிமக்கள் நேரில் வந்து வாயால் சொன்னாலே போதும். இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

"அப்ப நான் வாயால சொல்றேங்க" என்றார் சாவிக்காரர். "லைசென்ஸ் வேணும்."

"கொடுத்தாச்சு!" என்றார்கள் இருவரும்.

"கடைப் பூட்டு?"

"அதையும் எடுத்துக்கய்யா! இதை முதல்ல திற!"

இடது இயக்குநரின் கூந்தலில் இருந்து ஓர் ஊசி, வலது இயக்குநரின் கோப்பிலிருந்து ஒரு கிளிப். முப்பத்தைந்து செகண்டில் கதவு திறந்தது. அந்த மாடியில் ஆண்கள் கழிப்பறை இடது கோடியிலும் பெண்கள் கழிப்பறை வலது கோடியிலும் இருந்ததால், ஆணையத்தின் வரலாற்றில் முதன்முறையாக வலது இயக்குநர் இடப்பக்கமும் இடது இயக்குநர் வலப்பக்கமும் ஓடினார்கள்.

சாவிக்காரர் அன்று மாலையே அரக்கை உடைத்துக் கடைக்குள் போனார். கைபேசி உறைக்காரர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "சரிங்கண்ணே, என் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் போட்டுக் கொடுங்க" என்றார்.

மறுநாள் பத்திரிகைகளுக்கு இரண்டு அறிக்கைகள் போயின. அதிகார வர்க்கத்தின் காகிதச் சிறையை மக்கள் சக்தி தகர்த்தது என்றது ஒன்று. அரசாங்கத்தைச் சுருக்கும் மரபான லட்சியம் வென்றது என்றது மற்றது. ஆணையைத் திரும்பப் பெற இருவரும் தனித்தனியே ரகசியமாக முயன்றதாகவும் கேள்வி. ஆணையைத் திரும்பப் பெற ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவங்கள் ஒழிக்கப்பட்டுவிட்டன.

"ஜெயிச்சிட்டோம் மாப்பிள்ளை!" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சாவிக்காரரைக் கட்டிப்பிடித்தார். "நான் கத்திக்கிட்டே இருந்தேன்ல? ஒதுங்கிட்டான் பாரு! இனிமே சந்தைதான்!"

அது செவ்வாய்க்கிழமை. புதனன்று வரிசை பாதியானது. மக்கள் உள்ளே போய் வாயால் சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் திரும்பிப் போனார்கள். வெள்ளிக்கிழமை வரிசையே இல்லை. யாரைக் கிண்டல் செய்வது என்று தெரியாமல் மச்சான் கதவோரம் நின்றார். அடுத்த வாரம் கடையில் அடுக்கியிருந்த ஏழு-ஆ கட்டுக்குள் பல்லி ஒன்று குடியேறியது. ஒருவர் வந்தார், வழி கேட்டுவிட்டுப் போனார்.

"இது என்ன அரசாங்கம்?" என்றார் மச்சான், தங்கை ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது. "திடுதிப்புனு இப்படியா கை கழுவுறது? நம்பி இருக்கிறவனைப் பத்தி ஒரு பொறுப்பு வேணாம்?"

"அண்ணே, வேற ஏதாவது தொழில் பாரேன். சந்தைதான் முடிவு பண்ணும்னு நீதானே சொல்லுவ?"

"சந்தைக்கு என்ன தெரியும்!" என்று அவர் எரிந்து விழுந்தார்.

சனிக்கிழமை மதியம் தேநீர் வாங்கிக்கொண்டு சாவிக்காரர் வந்தபோது கடைக் கதவு முக்கால்வாசி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார். மேசையில் ஒரு வெள்ளைத் தாள். மச்சான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நாக்கைக் கடித்தபடி, அளவுகோல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. படம் வரையறேன்." முழங்கையால் தாளை மறைத்தார்.

முழங்கைக்கு மேலே தெரிந்த வரை சாவிக்காரர் படித்தார். அனுப்புநர். பெறுநர். பொருள்: தனியார் நகலகங்களின் நலன் கருதி அரசு உடனடியாகத் தலையிட வேண்டி. ஐயா, அம்மா, என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தொடங்கி, நாலு இடத்தில் பணிந்து, இரண்டு இடத்தில் தாழ்மையோடு வேண்டிப் போயிருந்தது. மனு கொடுக்க இப்போது படிவம் எதுவும் கிடையாது என்பதால், படிவத்தையும் அவரே தயாரித்திருந்தார்.

சாவிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. எதையோ தொலைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களிடம் கேள்வி கேட்பது அவர் வழக்கமில்லை. தேநீரை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அவர் போனதும் மச்சான் தாளின் அடியில் நாலு கோடு போட்டு ஒரு கட்டம் அமைத்தார். கோணம் சரியாக வராமல் அழித்துவிட்டு மறுபடி போட்டார். கட்டத்தின் தலையில் சின்ன எழுத்தில் "அலுவலக உபயோகத்திற்கு மட்டும்" என்று எழுதினார். உள்ளே கை பட்டுவிடாதபடி தாளைத் தூக்கி, ரப்பர் தூளை ஊதினார். பிறகு இயந்திரத்தைத் தட்டி எழுப்பி, மூன்று பிரதி எடுத்தார். பதினோரு நாளில் அது ஓடியது அதுவே முதல் தடவை.